ஆழ்மன இயலுக்குப் போடிநாயக்கனூரின் கொடை

ஆழ்மன உளவியல் வியன்னாவில் பிறந்து சூரிக்கில் வளர்ந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதில் எமக்கு வழக்கில்லை. ஆனால் அது தொழில்முறை பயின்றது எங்கே என்று கேட்டால், போடிநாயக்கனூரில் என்க.

சூரிக்கிலிருந்து எவரும் போடிக்கு வந்ததாகச் சான்று இல்லையே எனின், வராமலே வேலையை முடிப்பதுதான் போடி முறை. இங்கே ஏல மையத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து எவரும் ஏலக்காய் வாங்குவதில்லை. மாதிரி என்று கொஞ்சம் காய் முன்னால் வரும். வியாபாரி அதை உள்ளங்கையில் உருட்டுவார், நிறம் பார்ப்பார், ஒன்றைக் கீறி உள்ளே அரிசி கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார், மோந்து பார்த்துவிட்டுக் கணினியில் விலையை அழுத்துவார். மூட்டை எங்கோ கிடக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அழைக்கப்பட்டு, 1937 டிசம்பரில் சூரிக் உளவியலாளர் கார்ல் யுங் இந்தியா வந்தார். அலகாபாத், காசி, கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. கல்கத்தா கூடுதலாகச் சீதபேதியும் கொடுத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. பயணத்தில் அவர் முதலிலிருந்து கடைசிவரை கருத்தூன்றிப் படித்த நூல், 1602-இல் அச்சான லத்தீன் ரசவாதத் தொகுப்பு ஒன்று. பழனியில் நவபாஷாணம் கட்டிய போகரை ஊரே கொண்டாடும் நாட்டுக்கு லத்தீன் ரசவாதத்தைச் சுமந்து வந்ததைக் குறை என்று சொல்லக் கூடாது. கட்டுச்சோறு கொண்டுவருவது அவரவர் விருப்பம்.

பிறகு தெற்கே வந்தார். திருவண்ணாமலையில் ரமணர் இருப்பது அவருக்குத் தெரியும். ஆயினும் போகவில்லை. திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தார்: தொடக்கப்பள்ளி ஆசிரியர் தரத்தில் உள்ள எளிய மனிதர்; நிறையப் பிள்ளைகள்; மூத்தவனைப் படிக்கவைக்கப் படாதபாடு படுகிறவர். யுங் அவரைப் பார்த்துப் பேசினார், மகிழ்ந்தார், உலகத்தோடு உழன்றுகொண்டே ஞானத்தைச் சுமக்கும் இவர் ஒரு வகையில் குருவையே விஞ்சியவர் என்று எழுதினார், கப்பலேறிவிட்டார். மாதிரியைப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்லியாயிற்று. திருவனந்தபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தால், அது உசிலம்பட்டிப் பக்கமாகப் போகிறது. அங்கிருந்து போடி கூப்பிடு தூரம். தொழில்நுட்பம் பரவுவதற்கு இவ்வளவு அருகாமை போதும்.

ரமணரைப் பற்றி இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் ஸிம்மர் ஜெர்மனில் எழுதிய நூல், ஸிம்மர் இறந்த மறு ஆண்டு, 1944-இல், யுங்கின் முன்னுரையோடு வெளிவந்தது. ஸிம்மர் இந்தியாவுக்கே வந்ததில்லை. யுங் வந்தும் பார்க்கவில்லை. இதனால் நூலுக்கு ஒரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மாறாக, 1938-இல் நேரில் போன நாவலாசிரியர் சாமர்செட் மாம், ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். மூட்டையைப் பிரிப்பதன் ஆபத்து இது.

ரமணர் தரப்புக் கணக்கையும் பார்த்துவிடுவது முறை. 1896-இல், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில், பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமன் செத்தவனைப் போலப் படுத்துக்கொண்டு, உடம்பு போனால் போகாமல் இருப்பது எது என்று பார்த்தார். இதற்குக் கட்டணம் இல்லை. செலவு பிறகுதான் தொடங்கியது. அண்ணனின் கல்லூரிக் கட்டணம் 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு 2 ரூபாயை வைத்துவிட்டுப் போனார். திண்டிவனத்துக்கு ரயில் சீட்டு 2 ரூபாய் 13 அணா. வழியில் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்றார். மீட்க எண்ணமில்லை என்பதால் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்ததும், மிச்சக் காசு அய்யங்குளத்துக்குள் போயிற்று. ஆக மொத்த முதலீடு 7 ரூபாய், கடன் உட்பட. மதுரைக்காரர் பக்கத்து மலையை விட்டு ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று போடியில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகலாம். போடிக்கு ரயில் 1928-இல்தான் வந்தது என்பதை அவர்கள் நினைவில் கொள்க.

இன்று நிலைமை சீராகிவிட்டது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே உள்முகப் பயண முகாம்கள் நடக்கின்றன. இரண்டு இரவு, மூன்று பகல், மௌனம், சிறுதானியக் கஞ்சி. உள்ளே ஒளிந்திருக்கும் உண்மையான ஆளைக் கண்டுபிடித்துத் தருவார்கள். காலம் போதுமா என்ற ஐயம் வேண்டாம். பச்சை ஏலக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறையில் 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் உலர்ந்துவிடுகிறது. 5 கிலோ 1 கிலோவாகிறது. மனிதருக்கு மூன்று நாள் தாராளம்.

எம்மை உறுத்துவது விளைச்சல்தான். முகாமில் வெளிப்படும் உள்ளாட்கள் அனைவரும் ராணி, போர்வீரன், காயம்பட்ட குழந்தை, இமயமலைத் துறவி. மாமியார் சீட்டுப் பணத்தில் கமிஷன் அடித்தவன் ஒருவன்கூட உள்ளிருந்து வந்ததில்லை. இத்தனைக்கும் யுங் 'நிழல்' என்று சொன்னது பெரும்பாலும் இந்தக் கடைசி ஆளைத்தான். ஏலக்காயைச் சல்லடையில் போட்டால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது ஒரு பங்குதான். மீதி கீழே விழும். பிளந்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது தனியாகப் போகும். உள்ளே இருப்பதெல்லாம் முதல் தரம் என்று சாதிக்கும் சரக்கில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வழக்கம். ஆன்மத் துறையில் இன்னும் அதிகாரி நியமிக்கப்படவில்லை.

பக்குவம் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. முழுப் பக்குவம் அடைவதே குறிக்கோள் என்று முகாமில் போதிக்கிறார்கள். மலையிலோ முழுதாகப் பழுத்த காயை விரும்புவதில்லை. சூட்டில் அது வெடித்துவிடும். பழுக்கச் சற்று முன்னால் பறிப்பதுதான் தொழில். ஒரே செடியில்கூட எல்லாக் காயும் சேர்ந்து பக்குவமாகாததால், அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அந்தக் காயும் ஆளுயர இலைகளுக்கு நடுவே இருப்பதில்லை. சரம் செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டியே இருக்கும். குந்தி உட்கார்ந்து இலையை விலக்கினால்தான் தெரியும். முகாமுக்கு வருகிறவர்கள் இலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். குந்துவது போடியிலிருந்து விடியலில் ஜீப்பேறி வரும் பெண்கள்.

ஏலக்காய் விலை எகிறிய 2019-ஐ ஒரு வரியில் சொல்லிவிடலாம். முந்தைய ஆண்டு வெள்ளமும், அந்த ஆண்டு மழை தள்ளிப்போனதும் சேர்ந்து, ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. தான் என்பது ஊதிப் பெருப்பதை யுங் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மாதம் மலையில் இருந்திருந்தால் சுருக்கமாக எழுதியிருப்பார்.

கள ஆய்வு இல்லாத கட்டுரை நிறைவுறாது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் பின்கட்டில், முறத்தை மடியில் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம், “ஏம்மா, நமக்குத் தெரியாமலே நமக்குள்ள இன்னொரு ஆள் இருக்குன்னு சொல்றாங்களே, உங்களுக்குள்ளயும் ஒருத்தி இருக்காங்களா?” என்று வினவினோம்.

“இருந்தா அவளையும் கூட்டியாந்திருப்பேன்ல சார். ரெண்டு சம்பளம் வந்திருக்கும்ல” என்றார் தலைநிமிராமல்.

இதற்கு மறுப்பு உண்டா என்று யுங்கின் தொகுப்பைப் புரட்டி வருகிறோம். மொத்தம் 20 தொகுதிகள். சம்பளம் பற்றிய இடம் இன்னும் வரவில்லை.