கரண்டு பில் சேகரிப்பாளர்

கிரூ,
இங்கிலாந்து

அன்புள்ள மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் தெருமுனையில் சர்ச்சுக்குச் சொந்தமான ஹால் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், ரிட்டையர் ஆனவர்கள் அங்கே கூடி, அவரவர் சேர்த்து வைத்ததை மேஜையில் பரப்பி, அடுத்தவர் சேர்த்ததைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். டீ, பிஸ்கட் உண்டு. நான் போனது பிஸ்கட்டுக்காக.

முதல் மேஜைக்காரர் பீர் கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டை சேர்ப்பவர். ஆல்பம் ஆல்பமாக வைத்திருக்கிறார். விசாரித்தால், மனிதர் பீரைத் தொட்டதே இல்லை! ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு அட்டையை மட்டும் கேட்டு வாங்கி வருவாராம். நம் ஊர் ஒயின்ஷாப்பில் இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் ஓர் அம்மாள். ஏழு பக்கம் கொண்ட ஐம்பது பென்ஸ் காசுதான் அவருக்கு உயிர். கியூ தாவரவியல் பூங்காவின் 250-ஆம் ஆண்டுக்காக, அங்குள்ள சீனக் கோபுரத்தைப் பொறித்து 2009-ல் 2,10,000 காசுகள் மட்டும் அடித்தார்கள். இன்று அதற்கு நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கிறது. அதனால் அம்மாள் பேங்கில் பத்து பவுண்டு கொடுத்து இருபது காசுப் பை ஒன்று வாங்குவார். வீட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். மறுநாள் அதையே பேங்கில் கட்டிவிட்டு வேறு பை கேட்பார். கவுன்டர் பெண்ணின் பொறுமைக்குத்தான் ஒரு மேஜை போட வேண்டும். 2023-ல் வந்த சால்மன் மீன் காசு இரண்டு லட்சம்தான் என்று நாணயச்சாலை அறிவித்ததிலிருந்து, கியூ கோபுரத்தின் மேல் அம்மாளுக்கு மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

புல்வெட்டும் மெஷின் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்றே சவுத்போர்ட்டில் மியூசியம் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

ஆனால் இந்த ஊர் ரயிலின் ஊர். 1837-ல் ஸ்டேஷன் வந்தது, அதற்குப் பிறகுதான் ஊர் வந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் மழைக்கோட்டும் பிளாஸ்க்கும் நோட்டுமாகச் சிலர் நிற்பார்கள். யாரையும் ஏற்றிவிட வந்தவர்கள் இல்லை. எஞ்சின் நம்பரைப் பார்க்க வந்தவர்கள். 66 என்று தொடங்கினால் சரக்கு இழுக்கிற டீசல் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். எஞ்சின் நம்பர்கள் அச்சடித்த புத்தகத்தில் அந்த நம்பருக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அவ்வளவுதான் சேகரிப்பு!

இதைத் தொடங்கி வைத்த புண்ணியவான் இயன் ஆலன். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த பையன். எஞ்சின் விவரம் கேட்டு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதி அலுத்துப்போய், 1942-ல், போர் நடக்கும்போதே, நம்பர்களை எல்லாம் தொகுத்து ஒரு ஷில்லிங் புத்தகமாகப் போட்டார். கடிதம் குறைந்ததோ இல்லையோ, நாட்டிலுள்ள பையன்கள் எல்லாம் பென்சிலோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் விவரமானவர் நம்பர்காரர்தான். பரணில் இடம் வேண்டாம், தூசு தட்ட வேண்டாம், வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.

ஹாலிலிருந்து கிளம்பும்போது கூட்டத்தின் செயலாளர் என்னைப் பிடித்து, "நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள்?" என்றார். விளையாட்டாக, "கரண்டு பில்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எந்த வருஷத்திலிருந்து? ஒரே கம்பெனியா, பல கம்பெனியா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த மாதப் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டார்.

மேஜையில் பரப்ப என்னிடம் கரண்டு பில் ஏது? அதனால்தான் மதினி, ஓர் உதவி. அண்ணன் டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிற கல்யாணப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். போட்டுவிடாதீர்கள். மூலையில் மஞ்சள் தடவியது, மாப்பிள்ளை பெயரைவிடப் பட்டம் நீளமானது, சிங்கப்பூர் மாமா முதல் ரிட்டையர்டு தாசில்தார் வரை நல்வரவை விரும்புகிறவர்கள் நாலு பக்கத்துக்கு நிற்பது என்று நல்லதாக இருபது பொறுக்கி அனுப்புங்கள். நம் வீட்டுப் பத்திரிகை மட்டும் வேண்டாம். அதில் யார் பெயர் விட்டுப்போனது என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் கைக்கு வர வேண்டும், இந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்