கை படாத வடிகட்டி வாழ்க!

கை படாத வடிகட்டியே, உன்னைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது? மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்கிறார் உன்னை விற்பவர். திறக்க வேண்டாம், கழுவ வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, சென்னை கொளத்தூருக்குப் போய் சிவப்பும் வெள்ளையுமாக ஆறேழு கோய் மீன் வாங்கி வந்து விட்டிருக்கும் ராணிப்பேட்டைக்காரருக்கு இதைவிட வேறு என்ன வரம் வேண்டும்? ஷிப்டு முடிந்து வந்ததும் தொட்டி ஓரம் உட்கார்ந்து பொரி போட வேண்டும், மீன் மேலே வர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்த ஆசைக்கு நடுவே அழுக்கு என்ற பேச்சே வராமல் பார்த்துக்கொள்கிறாய். உன் தாராளம் யாருக்கு வரும்?

உன் எளிமையைச் சொல்கிறேன். மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடுகிறது. ஸ்பாஞ்சிலும் உனக்குள் நிரப்பும் மீடியாவிலும் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இந்தக் குடித்தனம் நிலைபெற நாலு வாரம் முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனைக் குறைத்து விடு, தீனியைக் குறைத்துப் போடு, சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து அம்மோனியா பார் என்று அனுபவசாலிகள் உயிரை எடுப்பார்கள். உனக்கு அந்தச் சோதனையெல்லாம் எதற்கு? குப்பியும் சொட்டு மருந்தும் இல்லாமலே நீ கணக்குச் சொல்லிவிடுவாய். காலையில் ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தால் அம்மோனியா ஏறிவிட்டது என்று பொருள். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கருவி வேறு எது?

உன் அழகையும் சொல்ல வேண்டும். உனக்குள் எரியும் யூவி விளக்கு தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியை ஒழித்துவிடுகிறது. அடியில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசில் வருடத்தைப் படிக்கலாம். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, நைட்ரைட்டுக்கும் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் குறைகிறது. சூடும் காரத்தன்மையும் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறுகிறது. அப்போதும் உன் தண்ணீரின் பளபளப்பு குறைவதே இல்லை. மீன் சாகும் நாளிலும் கலங்காத தண்ணீர் உன்னுடையது.

உன் வைராக்கியம் இன்னும் பெரிது. மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்புப் பணி என்று அறிவித்துவிட்டுக் காலையில் கரண்டை நிறுத்துகிறது. மதியம் தாண்டித்தான் வரும். வெறும் கம்பிக்கும் மின்மாற்றிக்கும் கூட மாதம் ஒரு நாள் கவனிப்பு வேண்டியிருக்கிறது. உயிர் வாழும் பாக்டீரியாவைச் சுமக்கும் உனக்கு வேண்டாம் என்கிறார்கள்! கரண்ட் நின்றதும் உன் மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் தேங்குகிறது. சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியத் தொடங்குகிறது, கசடு அழுகுகிறது. கரண்ட் வந்தவுடன் மோட்டார் அந்த அழுகல் நீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் மீன் மேலேயே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாணயம் உன்னிடம் இருக்கிறது.

உன்னைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் உன் பொறுமை புரியும். நாலு பக்கமும் கிளிப்பை நெம்பி மூடியைத் தூக்கினால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். ஸ்பாஞ்ச் கறுத்து, களிமண் பாளம் போலக் கனக்கும். கையால் அமுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும். நடுவில் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் ஸ்பாஞ்சைத் தொடாமலே ஓரமாக ஒரு சந்து கண்டுபிடித்துப் போய் வந்துகொண்டிருக்கும். மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் விழுந்தது, வடிகட்டுவது மட்டும் எப்போதோ நின்றிருந்தது. மாதக்கணக்கில் சேர்ந்த அத்தனையையும் யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தாயே, அந்த ரகசியம் காக்கும் குணத்துக்கே ஒரு மாலை போடலாம். வடிகட்டி கசடை மாயமாக்குவதில்லை, ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. எடுக்க வேண்டியது மனிதர் கை.

நம் தொண்டை நாட்டில் இப்படிப் புகழ்வது புதிதில்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் வந்த ஔவை, போர் காணாமல் மினுங்கிய அவன் ஆயுதங்களைப் புகழ்ந்தார். அதியமானின் ஆயுதங்களோ சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். வாரா வாரம் பிழிந்து பிழிந்து ஓரம் கிழிந்த ஸ்பாஞ்ச் அதியமான் கட்சி. சீல் உடையாத டப்பா எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உன் புகழ் கொல்லைப்புறத்தோடு நிற்பதா? தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த இந்தச் சீமையே உன்னைக் கொண்டாடிய சீமை. உன் குலத்தில் மூத்தவள் பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக இங்கே வருகிறாள். அவள் மணலைவிடக் கை படாத வடிகட்டி உலகில் உண்டா? டேனரிக் கழிவு நீரை அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள். மோட்டார் கேட்கவில்லை, மீடியா கேட்கவில்லை, கழுவச் சொல்லவில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. உப்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீரை அவள் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள். வாங்கியதைக் கிணறுகளுக்குச் சரிசமமாகப் பங்கிட்டாள். டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்கிறது அதே தீர்ப்பு. பராமரிப்புச் செலவு பூஜ்யம்! அந்தச் செலவைக் கிணற்றடியில் நின்ற விவசாயி கட்டினார், குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கியவர் கட்டினார்.

அந்தப் பூஜ்யச் செலவால் நாடே பாடம் படித்தது, அந்தப் பெருமையும் உன் குலத்துக்குத்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியே என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சட்டக் கல்லூரி மாணவர் இன்றும் வேலூர் பெயரைச் சொல்லித்தான் தேர்வு எழுதுகிறார். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ஒரே வரிசையில் ராணிப்பேட்டையும் உட்கார்ந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போகும் அளவுக்கு இடைவெளி. இத்தனை காலம் ஒரே அழுக்கைக் காப்பாற்றிக்கொடுக்க உன் குலத்தைத் தவிர யாரால் முடியும்?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையின் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையைக் குறிப்பிடாவிட்டால் புகழ் நிறைவுறாது. டேனரிகளுக்குக் குரோமிய உப்பு தயாரித்த ஆலை அது. 1990-களின் நடுவில் மூடினார்கள். உற்பத்தி நின்றது, ஆட்கள் போனார்கள், குரோமியக் கழிவு மட்டும் இலட்சக்கணக்கான டன்னாக அங்கேயே கிடந்தது. ஆலை மூடி ஆண்டுகள் பல ஆன பின்னும் மழைதோறும் மஞ்சள் நீர் கசிந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தது. குரோமியம் ஒரு தனிமம். அழுகாது, மக்காது, வருடம் பார்த்து ஓய்வு பெறாது. பராமரிப்பே இல்லாமல் நிலைத்து நிற்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான்.

2015 ஜனவரி 31 அதிகாலையையும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும். சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சேர்த்து வைப்பதையே சுத்திகரிப்பு என்று நினைத்தால் அது எங்கே போய் முடியும் என்பதை அந்த அதிகாலை காட்டியது. இங்கே எனக்குப் புகழ வாய் வரவில்லை.

இதே ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலை இருக்கிறது. அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் நிலைமின் வீழ்படிவாக்கிகளை அங்கே தயாரிக்கிறார்கள். மின்னூட்டம் பெற்ற சாம்பல் தட்டுகளில் படிகிறது. சுத்தியல்கள் அந்தத் தட்டுகளை விட்டுவிட்டுத் தட்டி உதிர்க்கின்றன. கீழே கூம்பில் சேர்வதை ஓயாமல் வெளியே எடுக்கிறார்கள். நாட்டுக்கே வடிகட்டி செய்து அனுப்பும் ஊர் இது. படிந்ததைத் தட்டி எடுக்காமல் வடிகட்டல் இல்லை என்பது இந்த ஊர்த் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, கை படாத வடிகட்டியே, உன் புகழை இத்தோடு முடிக்கிறேன். இனி என் பேச்சு உன்னை வாங்கப் போகிறவரிடம்.

ஐயா, அம்மா, பராமரிப்பு குறைந்த வடிகட்டி உண்டு, பராமரிப்பு இல்லாத வடிகட்டி கிடையாது. வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். கோய் இரண்டடி வளரும் மீன், பல ஆண்டு வாழும். அதனால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆழத்தைக் கூட்டுங்கள், மேலே நிழல் போடுங்கள். அடியில் ஒரு வடிகால் குழாய் வைத்து, வடிகட்டிக்கு முன்னால் கசடு படிய ஒரு சின்னத் தொட்டி கட்டி, வால்வு போடுங்கள். வால்வைத் திறந்தால் படிந்த கசடு வெளியேறிவிடும். தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வடிகட்டி வழியாகப் போய் வரும்படி மோட்டார் வாங்குங்கள். வடிகட்டி கைக்கு எட்டும் உயரத்தில், எளிதாகத் திறக்கும்படி இருக்கட்டும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே, ஒரு பக்கெட்டில் இரண்டு முறை பிழிந்தால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெளுக்கத் தேய்த்தால் பாக்டீரியா செத்துவிடும். காற்று மோட்டாரை இன்வெர்ட்டரில் இணையுங்கள். தண்ணீர் திரும்பி விழும் இடத்தில் கல்வாழையும் சம்புவும் நட்டால் நைட்ரேட்டில் ஒரு பங்கை வேர் எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம். ஆவியாகும்போது தண்ணீர் போகும், உப்பு நிற்கும். எந்த ஸ்பாஞ்சும் கரைந்த உப்பைப் பிடிக்காது. அதனால் வாரம் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். கழிக்கும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள், அது நல்ல உரம். தெருச் சாக்கடைக்கு விடாதீர்கள்.

கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எப்படித் திறந்து கழுவுவது?" கழுவவே வேண்டாம் என்று பதில் வந்தால் காசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதே கேள்வியை ஊர்க் கூட்டத்திலும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும், அதிகாரிகளிடமும் கேளுங்கள்: பிடித்த கசடு எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை? பதில் வரும்வரை விடாதீர்கள்.