பெயர் எழுதிய படம்

பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்ததும் அப்பா எங்கள் எல்லோரையும் அட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்க. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் அண்ணனான பெரியப்பா அந்தப் பக்கம், தம்பியான அப்பா இந்தப் பக்கம்.

ஸ்டுடியோ வாசலில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, வருகிறவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டை முதலில் பெரியப்பா போட்டார், பிறகு அப்பா. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களை அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பெரியம்மா மறைக்கவில்லை, மடிமேல் விரித்தே வைத்திருந்தாள். இரண்டு பிரதி போட்டோம். ஒன்று தகரப் பெட்டிக்குள் நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்ன ரயிலில் தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரம் போனது. மற்றது எங்கள் காம்பராச் சுவரில். இரண்டின் பின்னாலும் அப்பா பென்சிலால் வரிசை பிசகாமல் பெயர்களை எழுதினார்.

அந்தப் பென்சில் எழுத்தின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. டார்வினைப் படம் பிடித்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1879இல் மலையகத்து டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் பிடித்திருக்கிறார். டார்வின் படத்தில் டார்வின் பெயர் உண்டு. நம்மவர்கள் வெறும் தொழிலாளர்கள். தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் பெண்ணுக்கும் இன்றுவரை பெயர் கிடையாது. நாமே காசு கொடுத்து, நாமே உடுத்தி, நாமே பெயரெழுதிய படம் அந்த ஸ்டுடியோப் படம்தான். அதனால்தான் அது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இப்போது ஸ்டுடியோக்களுக்கு அடையாள அட்டைப் படமும் கல்யாண அல்பமும்தான் பிழைப்பு. குடும்பப் படமெல்லாம் போனில். கூடலூரில் இருக்கும் பெரியப்பா மகன் தினமும் படம் அனுப்புகிறான். போன் பழுதானால் எல்லாம் போய்விடும். அதனால் போன தீபாவளிக்கு மகள் எடுத்த படத்தை அட்டனில் அச்சுப் போடக் கொடுத்தேன். பின்னால் எழுதப் பேனாவை எடுத்தபோது, “இந்தத் தாளில பேனா மை நிக்காதுங்க ஐயா, மார்க்கர்தான் சரி” என்றார் கடைத் தம்பி. பக்கத்துக் கடையில் மார்க்கர் வாங்கி, அங்கேயே நின்று எல்லோர் பெயரையும் எழுதினோம்.