போனுக்கும் விசா

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவனுக்கு விசா வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அவன் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கும் ஏறக்குறைய ஒரு விசா உண்டு என்பதை எந்த ஏஜென்ட்டும் சொல்வதில்லை. இந்த நாட்டு ரேடியோ சட்டத்தின் கண்ணில் ‘கிதெக்கி’ என்ற தொழில்நுட்பச் சான்று முத்திரை இல்லாத கருவி எல்லாம் விருந்தாளி. வெளிநாட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த போனின் வைஃபை, புளூடூத்தை வந்து இறங்கிய நாளிலிருந்து 90 நாள் வரை பயன்படுத்தலாம். எனக்கு மூன்று வருட விசா கொடுத்தவர்கள் என் போனுக்கு மூன்று மாதம்தான் கொடுத்தார்கள். போனைவிட எனக்கு அதிக மரியாதை கிடைத்த ஒரே இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொண்ணூற்று ஓராவது நாள் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அதற்கு முன்பே ரயில் நிலையம் என் போனை நாடு கடத்திவிட்டது. இங்கே எல்லோரும் போனாலேயே நுழைவாயிலைத் தொட்டுவிட்டு நடையை நிறுத்தாமல் போகிறார்கள். அந்த வாயில் எதிர்பார்ப்பது சோனியின் ஃபெலிகா சில்லு. 2001இல் சுயிகா ரயில் அட்டையில் வந்தது, 2004இல் போனுக்குள்ளும் வந்துவிட்டது. சென்னையில் வாங்கிய என் ஆண்ட்ராய்டில் அது கிடையாது. 2017க்குப் பிறகு எந்த நாட்டு ஐபோனிலும் உண்டு என்று ஆபீசில் ஒருவர் ஆறுதல் சொன்னார். முதல் சம்பளமே வராதவனுக்குச் சொல்கிற ஆறுதலா அது?

ஆகவே நான் மட்டும் பையைத் துழாவி அட்டையை எடுப்பேன். பின்னால் நிற்பவர் திட்டமாட்டார். அதுதான் கஷ்டம். நம்மூரில் “யோவ், ஓரமா நின்னு தேடுய்யா” என்று ஒரு குரல் வந்துவிட்டால் மனசு லேசாகிவிடும். இங்கே அந்த மௌனத்தை முதுகில் சுமந்துகொண்டு ஆபீஸ் வரை போகவேண்டும்.

உள்ளூர் போன் ஒன்று வாங்கினேன். ஃபெலிகா இருந்தது, முத்திரை இருந்தது. கூடவே ஒரு சத்தமும் இருந்தது. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் படம் எடுத்தால் ‘கஷா’ என்று ஒலி வந்தே தீரும். சைலன்டில் போட்டாலும் வரும். கேமரா வைத்த போனை 2000ஆம் ஆண்டில் ஷார்ப் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமரா போன் பரவியதும் கள்ளத்தனமாகப் படம் எடுக்கிறவர்கள் பற்றிய பயமும் பரவியது. சட்டம் ஒன்றும் போடவில்லை. போன் கம்பெனிகள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்த குழந்தையை, தூங்கும் அழகுக்காக ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். என் மனைவி அன்று பேசிய தமிழைப் பதிவுசெய்ய வழி இருந்தும் துணிவில்லை.

சத்தம் போடும் போன் நல்ல குடிமகன், சத்தம் போடாததுதான் சந்தேகத்துக்குரியது என்று நாளாவட்டத்தில் எனக்கும் புத்தி மாறிவிட்டது. ஊரிலிருந்து வந்த நண்பர் ராமென் கடையில் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிச் சத்தமில்லாமல் படம் எடுத்தபோது, பக்கத்து மேசைக்கு நான்தான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

அப்பாவுக்கு இந்த ஊர் போன் ஒழுக்கம் புரியவில்லை. இரு நாட்டுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்து, மகனை நினைக்கும்போது டோக்கியோவில் எட்டரை தாண்டியிருக்கும். மகன் அப்போது நிஷி-கசாயிலிருந்து ஓத்தேமாச்சி போகும் தோசாய் லைனில் செருகப்பட்டிருப்பான். 2019இல் அந்தப் பாதையில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் நடுவே காலை நெரிசல் 199 சதவீதம். 200 சதவீதம் என்றால் என்ன என்பதற்கும் அரசாங்கம் விளக்கம் எழுதி வைத்திருந்தது: உடம்போடு உடம்பு நெருக்கும், ஆனாலும் வாரப் பத்திரிகை அளவில் இருந்தால் எப்படியாவது படித்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்கும் யாராவது இப்படி ஒரு அளவுகோல் எழுதிவைத்தால் தேவலை. 2019க்குப் பிறகு தோசாய் லைனில் கூட்டம் குறைந்தது என்கிறார்கள். அப்பா கூப்பிடும் நாட்களில் குறைவதில்லை.

ரயிலில் போன் பேசக்கூடாது, ‘மேனர் மோட்’டில், அதாவது சைலன்டில், வையுங்கள் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். “ரயிலில் இருக்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் தட்டினால், குரல் பதிவில் பதில் வரும்: “ரயில்ல சும்மாதானே இருக்கே, அப்பப் பேச வேண்டியதுதானே?” அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சோழன் எக்ஸ்பிரஸில் ஒருவர் விழுப்புரம் தாண்டுவதற்குள் சம்பந்தி வீட்டு விவகாரம் முழுவதையும் பெட்டிக்கே சொல்லிவிடுவார். கேட்கிறவர்களும் நடுவில் யோசனை சொல்வார்கள்.

பழைய இந்திய போன் என்ன ஆயிற்று என்றால், மேஜை டிராயரில் இருக்கிறது. வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் துறந்தாயிற்று. ரோமிங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிபி வாங்குவது ஒன்றே அதன் வேலை. வெளிநாட்டு எண்ணை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தபோது எங்கள் தமிழ் வட்டாரத்தில் ஒரே கொண்டாட்டம். பட்டியலைப் படித்த பிறகு கொண்டாட்டம் நின்றது. சிங்கப்பூர் இருந்தது, ஓமன் இருந்தது, ஜப்பான் இல்லை. எனவே ஊரில் வீட்டுவரி கட்டவேண்டுமென்றால் டிராயரைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். ஓடிபி வரும், அதன் ஆயுள் முடிந்த பிறகு. ரீசார்ஜ் பண்ணச் சொல்லும் செய்தி மட்டும் நொடி பிசகாமல் வருகிறது.

ஜப்பான் போன் உண்மையிலேயே தன் விலைக்கு ஈடு கொடுப்பது பூகம்பத்தன்றுதான். நிலநடுக்கத்தில் முதலில் வேகமாக வரும் அலை சாதுவானது, பின்னால் மெதுவாக வருவதுதான் முரடு. முதலாவதைப் பிடித்து, இரண்டாவது வருவதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. மீட்டிங் நடுவே மேஜை மேலிருக்கும் அத்தனை போனும் ஒரே குரலில் அலறும். எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், கட்டடம் ஆடும், நிற்கும், விட்ட வாக்கியத்திலிருந்து மேனேஜர் தொடருவார்.

செய்தி பார்த்து அம்மா கூப்பிட்டாள். போன் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று தைரியம் சொன்னேன்.

“எத்தனை நாள் முன்னாடி சொல்லும்?”

“நாளெல்லாம் இல்லம்மா. சில விநாடி.”

“சில விநாடியிலே நீ என்னடா பண்ணுவே? சட்டை மாட்டவே கால் மணி ஆகுமே உனக்கு!”

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது மைத்துனன் தனக்கும் ஒரு ஜப்பான் போன் கேட்டான். வாங்கித் தருவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஃபெலிகா கும்பகோணத்தில் எந்தக் கதவையும் திறக்காது, படம் எடுத்தால் தெருவுக்கே கேட்கும் என்று பொறுமையாக விளக்கினேன்.

“கேக்கட்டுமே மாமா. சத்தம் வரலேன்னா ஜப்பான் போன்னு நாலு பேருக்கு எப்படித் தெரியும்?”