இரண்டு ரூபாய் மொய்

இடையில் இறங்கிக் காத்திருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிறவர் ஒரு பஸ்ஸைக் கோட்டைவிட்டால், அடுத்தது வரும்வரை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவர் டிரான்சிட் பயணிதான். ஒரு டீ, ஒரு வடை, யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன தினத்தந்தி. லவுஞ்ச் என்று பெயர் வைக்காததுதான் குறை.

அம்மாவைத் தம்பி வீட்டுக்கு மெல்போர்ன் அழைத்துப் போகும்போதுதான் பெயர் வைத்த லவுஞ்சைப் பார்த்தேன். சென்னையில் ராத்திரி ஏறி, விடியற்காலை சிங்கப்பூரில் இறங்கி, அங்கே பதின்மூன்று மணி நேரம் கழித்து அடுத்த விமானம். டிக்கெட் விலை குறைவாக இருந்ததன் ரகசியம் அந்தப் பதின்மூன்றில் இருந்தது. ரயில் பிடிக்கவே சின்னசேலம் போய்ப் பழகியவர் அம்மா. விமானத்தையும் அதே கணக்கில் நம்பாமல், ஏழு மணி நேரம் முன்னதாகவே என்னை மீனம்பாக்கத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்.

"உள்ள லவுஞ்ச் இருக்கும்மா. கார்டைத் தேய்ச்சா போதும், சாப்பாடு ஃப்ரீ" என்றேன்.

"யாரு போடறாங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. பல கார்டுகளுக்கு வாசலில் 2 ரூபாய் பிடிப்பார்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று நாடி பார்க்கிற காசு அது. சாப்பாட்டுச் செலவை வங்கி ஏற்றுக்கொள்ளும். வங்கி மட்டும் இளிச்சவாயா? முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று இப்போது பல வங்கிகள் நிபந்தனை போடுகின்றன. இலவச இட்லிக்காகவே ஒரு மிக்ஸி வாங்கியவன் நான்.

என் கார்டு ஒன்று, அம்மா பெயரில் வாங்கிய துணைக் கார்டு ஒன்று. ஆளுக்கு 2 ரூபாய் போனது.

உள்ளே மெத்தை நாற்காலிகள், மங்கிய வெளிச்சம், வரிசையாக மூடி போட்ட பாத்திரங்கள். நான் 2 ரூபாயை மீட்கும் வெறியில் இருந்தேன். தட்டில் இட்லி, அதன்மேல் நூடுல்ஸ், நூடுல்ஸ் தலையில் குலோப் ஜாமூன். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் எனக்கு மேல். தட்டில் இடம் போதாமல் சமோசாவை டீ கப்பின் மேல் மூடியாக வைத்துக்கொண்டு நடந்தார். பந்திக்கு முந்து என்பதை வேதமாகப் படித்தவர் போலிருக்கிறது.

அம்மா மட்டும் வெறுந்தட்டோடு நின்றார்.

"என்னம்மா?"

"யாரும் வாங்கன்னு சொல்லல. சாப்பிடுங்கன்னு சொல்லல. எப்படிடா கை வெக்கறது?"

"எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதான்."

"சரி, மொய் யாருகிட்ட எழுதறது?"

"அதான் வாசல்லயே ரெண்டு ரூபா புடிச்சிட்டாங்களே."

அம்மா முகம் சுருங்கியது. "ரெண்டு ரூபாயா? ஊர்ல போய்ச் சொல்லித் தொலைக்காதே. மானம் போயிரும்."

அரை கிளாஸ் மோர் குடித்தார். அதையும் மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்று குடித்தார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் வெளியே போவதற்கு ஒரு வழி இருந்தது. ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகளின் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போகிற வழியில் இறங்கும் இந்தியர்களை, தனி விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை ஊருக்குள் அனுமதிக்கிறார்கள். கடைசி முடிவு குடிநுழைவு அதிகாரி கையில். அதிகாரி அம்மாவைப் பார்த்தார், அம்மா அதிகாரியைப் பார்த்தார், முத்திரைக்குப் பதில் ஒரு சிரிப்பு கிடைத்தது.

விமான நிலையத்தை ஒட்டியே ஜுவல் என்ற கண்ணாடிக் கூடம். 2019-ல் திறந்தது. அதற்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது அதுதான் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே போனால், அருவியைக் காணோம். காலை வேளை, இன்னும் திறக்கவில்லையாம்.

"அருவியைத் தொறக்கணுமா? நம்ம கோமுகி அணை மாதிரி ஷட்டர் போட்டிருக்கானா?"

"ஸ்விட்ச் இருக்கும்மா."

"நம்ம மேகம் அருவியும் கோடைல ஆஃப்தான். அதுக்கு யாரும் கண்ணாடி வீடு கட்டல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மெட்ரோ ஏறி எக்ஸ்போவில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். நிலையத்தின் பெயரைத் தமிழில் பார்த்ததும் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்து, ஏதோ தன் வீட்டுப் பெயர்ப்பலகை போலத் தலையசைத்துக்கொண்டார். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைப் பார்த்தாயிற்று. பசி வந்தது. கிளைத்தெருவில் ஒரு மெஸ். வாழையிலை போட்டார்கள்.

பரிமாற வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமாம்மா?" என்றான்.

சென்னையை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எந்த ஊருப்பா?"

"சங்கராபுரம் பக்கம்மா. நீங்க?"

அம்மா ஒரு நொடி தயங்கினார். எனக்குக் காரணம் தெரியும். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, அம்மா வெளியாரிடம் ஊர்ப் பெயரைக் 'கள்ளக்குறிச்சி'யோடு நிறுத்திக்கொள்வார். அந்தச் சாவுகள் விழுந்த எங்கள் பகுதியான கருணாபுரத்தின் பெயரைச் சொன்னால் எதிராளி முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகு லேசாக முகர்ந்தும் பார்ப்பார். மோர் குடிப்பதற்கே சுவரைப் பார்த்து நிற்கிற பொம்பிளையை!

"கருணாபுரம்" என்றார் அம்மா.

பையன் கரண்டியோடு அப்படியே நின்றான். "எல்லாம் நல்லா இருக்காங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். அம்மா "இருக்கறவங்க இருக்காங்க" என்றார். அவன் கேட்காமலே இன்னொரு அப்பளம் வைத்தான், ரசம் ஊற்றினான், அம்மா கையால் மறித்தும் மோர் ஊற்றினான். அம்மா அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கல்லாவில் பணத்தை நான் கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நூறு ரூபாய்த் தாள் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. பையன் பின்வாங்கினான்.

"ஐயோ, இங்க இந்தக் காசு செல்லாதும்மா!"

"செல்றதுக்கா குடுக்கறேன்? மொய்டா. வெச்சிக்க" என்று அவன் கையில் அழுத்தினார். பிறகு, கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போலவே சொன்னார்:

"ஊர் பேரைத் தெளிவா எழுதிக்க. கருணாபுரம்."