வாங்கு மருமகனே, வாங்கு!

போர்ஷே வாங்கப் போறியாம்ல மருமகனே. உங்கம்மா போன்ல மூக்கைச் சிந்தினா. "சத்திரப்பட்டியில தறி போட்டு, பேண்டேஜ் துணி ஏத்துமதி பண்ணி, அவனாச் சம்பாதிச்ச காசு. ஊரு உலகத்துல அடிபட்டவனுக்கெல்லாம் கட்டுப் போட்டவன், தனக்கும் ஒரு கட்டுப் போட ஆசைப்படுறான். விடு தாயி"ன்னு அவளைத் தேத்தி வச்சிருக்கேன். நான் தடுக்கிற ஆளில்லை. வாங்கு. அதுக்கு முன்னாடி தோப்புப் பக்கம் வந்து ஒரு இளநி குடிச்சிக்கிட்டே மாமன் சொல்றதையும் காதுல போட்டுக்கோ.

முதல்ல வேகம். நீ சொன்ன 911 டர்போ எஸ், 2020ல வந்த மாடலே, நின்ன இடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 2.7 நொடிதானாம். 650 குதிரைச் சக்தியாம். பேத்தி செல்லுல வாசிச்சுக் காட்டினா. கேட்கவே நல்லாருக்கு. இப்ப நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ரோட்டை நினைச்சுப் பாரு. தேங்காய் ஏத்தின டிராக்டர் வரும், ஆட்டுக்கிடை குறுக்க போகும், காட்டழகர் கோயிலுக்குப் போற சனம் நடுரோட்டுல பேசிக்கிட்டே நடக்கும். 1988லயே சாம்பல் அணிலுக்குன்னு சரணாலயம் ஆக்கின காடு இது. 2021ல மேகமலையோட சேர்த்துப் புலிகள் காப்பகமாவும் ஆயிருச்சு. இங்க அணிலுக்கும் ஒதுங்கணும், ஆனைக்கும் ஒதுங்கணும். ராத்திரி தென்னங்குருத்து திங்க வர்ற ஆனைக்கு உன் வண்டியில எழுதியிருக்கிற பேரை வாசிக்கத் தெரியாது. 2.7 நொடியில நூறைத் தொட்டுருவே, சந்தேகமில்லை. அடுத்த 2.7 நொடியில எதைத் தொடுவேங்கிறதுதான் எனக்குக் கவலை.

அதெல்லாம் பத்தாது, இன்னும் வேகம் வேணும்னா புகாட்டி வேய்ரான்னு ஒண்ணு இருக்காம். மணிக்கு 407 கிலோமீட்டர். அந்த வேகத்துல விட்டா நூறு லிட்டர் டேங்க் பன்னிரண்டு நிமிசத்துல காலியாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிசத்துக்கு 81 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மிதிச்சா கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் எதுவும் கண்ணுல படாம மதுரையில போய் நிப்பே. நின்ன இடத்துல பெட்ரோல் தீர்ந்திருக்கும். அங்கருந்து பங்க்குக்குத் தள்ளிக்கிட்டுப் போற நேரத்துல நான் பஸ்ஸுல வந்து சேர்ந்துருவேன்.

ரெண்டாவது வேகத்தடை. இதுக்கும் சட்டம் இருக்கு மருமகனே. இந்திய சாலைக் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு, உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர்னு அளவு எழுதி வச்சிருக்கு. நம்ம ஊர்ல அளவு எடுக்கிறது யாரு? ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டா மறுநாள் காலையில மிச்சத் தாரையும் ஜல்லியையும் கொட்டி ஒரு மேடு எழும்பிரும். உன் வண்டி வயித்துக்கும் தரைக்கும் நாலஞ்சு அங்குலம்தான் இடைவெளி. மூக்கைத் தூக்கிவிட பட்டன் இருக்காம். நல்லது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல நீ ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற நேரத்தைவிட அந்தப் பட்டனைப் பிடிக்கிற நேரம் கூடுதலா இருக்கும்.

உரசிருச்சு, பம்பர் கிழிஞ்சிருச்சுன்னு வை. இன்சூரன்ஸ் இருக்கேம்பே. சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான் தருவான், மீதி உன் கை. அதுக்கு 'ஜீரோ டெப்'னு தனியாக் காசு கட்டணும். ஐப்பசி மழையில கம்மாய்த் தண்ணி ரோட்டுல ஏறி நிக்கும்போது வண்டியை விட்டு, இன்ஜினுக்குள்ள தண்ணி போனா அதுக்கும் ஒரு தனிக் காப்பீடு. ரெண்டையும் எடுத்துக்கோ. தென்னை நெத்து விழுந்து கண்ணாடி உடையறதை மட்டும் நீயே பார்த்து நிறுத்திக்கோ. நம்ம வீட்டு ராஜபாளையம் நாயையும் கட்டிப் போடச் சொல்றேன். 2005ல தபால்தலையிலயே வந்த கௌரவமான சாதிதான். ஆனா புது டயரைக் கண்டா அதுவும் காலைத் தூக்கத்தான் செய்யும்.

மூணாவது வரி. மூணு கோடி வண்டின்னே வச்சுக்கோ. 2023 கடைசியில இருந்து இருபது லட்சத்துக்கு மேல போற காருக்குத் தமிழ்நாட்டுல ஆயுள் வரி 20 சதவீதம். அறுபது லட்சம் ரோட்டுக்குக் கொடுக்கிறே. கொடுத்த பிறகு ரோட்டைப் பார்த்து வயிறெரியாதே, உடம்புக்கு ஆகாது. பத்து லட்சத்துக்கு மேல கார் வாங்கினா கடைக்காரனே ஒரு சதவீதம் பிடிச்சு உன் பான் நம்பர்ல கட்டிருவான். கணக்குல கழிச்சுக்கலாம், போகாது. ஆனா உன் மாமியாருக்குத் தெரியறதுக்கு முன்னாடி வருமான வரி ஆபீசுக்குத் தெரிஞ்சிரும்.

வரியில மட்டும் பேரம் பேசாதே. நடிகர் விஜய் 2012ல இங்கிலாந்துல இருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் இறக்கினார். நுழைவு வரி வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போனார். 2021 ஜூலையில தனி நீதிபதி மனுவைத் தள்ளி, ஒரு லட்சம் அபராதமும் போட்டு, நாலு வார்த்தையும் சொல்லிட்டார். அபராதத்துக்கு மேல் அமர்வு தடை போட்டுச்சு. அந்த வார்த்தைகளையும் 2022 ஜனவரியில நீக்கிருச்சு. விஜய்க்கு அபராதம் போட்ட அடுத்த மாசமே, 2021 ஆகஸ்ட்ல, தனுஷ் ரோல்ஸ் ராய்ஸுக்கு மிச்ச வரி முப்பது லட்சத்தைக் கட்டச் சொன்னாங்க. பால்காரர்கூட பெட்ரோலுக்கு வரி கட்டுறாரேன்னு கோர்ட்டுல கேட்டாங்களாம். பால்கோவா ஊர்க்காரன் நீ, உனக்கு அது சுருக்குனு தைக்கணும். சத்தமே போடாத வண்டின்னு பேர் எடுத்த ரோல்ஸ் ராய்ஸ், ஒம்பது வருசம் கோர்ட்டுல சத்தம் போட்டுச்சு பாரு.

அப்புறம் விலை இறங்குற கதை. காப்பீட்டுக் கணக்குல ஆறு மாசத்துல 5 சதவீதம் கழியும், வருசம் முடிய 15, அஞ்சாம் வருசம் சரிபாதி. ரெண்டு கோடி கடன் வாங்கி, ஒம்பது சதவீத வட்டியில அஞ்சு வருசத் தவணைன்னா மாசம் நாலு லட்சத்துக்கு மேல. கடைசித் தவணை கட்டுற அன்னிக்கு, முழு விலையும் வட்டியும் கொடுத்து பாதி விலைக் காரு ஒண்ணு உனக்குச் சொந்தமாகும்.

நம்ம ஊருக்குப் பெரிய வண்டி புதுசா மருமகனே? ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறி வர்ற தேரை விடப் பெரிசு எவன்கிட்ட இருக்கு? வருசம் ஒரு நாள் நாலு ரத வீதி சுத்தும். மிச்ச நாளெல்லாம் நிலையில நிக்கும். மைலேஜ் என்னன்னு எவனும் கேட்டதில்லை. ஆனா அதுக்கு வடம் பிடிக்க ஆயிரக்கணக்குல ஆள் இருக்கு, முட்டுக்கட்டை போடத் தெரிஞ்சவன் இருக்கான். உன் வண்டியும் மிச்ச நாளெல்லாம் நிலையிலதான் நிக்கும். வடத்தை மட்டும் நீ ஒருத்தனே இழுக்கணும், மாசாமாசம்.

உனக்கு நிசமாவே வேகத்துல ஆசைன்னா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே இருக்கு, இருங்காட்டுக்கோட்டையில ஒரு பந்தயத் தடம் இருக்கு. எதிர்ல ஆடு வராது. அந்த ஸ்பீட்வேக்குப் பேர் கொடுத்த கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வச்சே பந்தயக் கார் கட்டின மனுசன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார், முதல் இந்தியர். அஜித் தன் டீமோட துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார், 2025 ஜனவரியில டீம் தன் பிரிவுல மூணாவதா வந்துச்சு. அவங்க எல்லாம் வேகத்துக்குக் காசு செலவழிச்சாங்க. நீ எதுக்குச் செலவழிக்கிறேன்னு உன் மனசைக் கேளு. பஜார்ல நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்னுதான்னா அதுவும் தப்பில்லை. திரும்பிப் பார்த்தவன் அடுத்த நிமிசம் "என்ன விலை? என்ன மைலேஜ்?"னு கேட்பான். சாயந்திரம் கோயில் நன்கொடை நோட்டோட வாசல்ல நிப்பான். வேகத்துக்காகன்னா தடத்துல ஓட்டு. பார்வைக்காகன்னா இங்க வாங்கு. ரெண்டையும் குழப்பிக்கிட்டவன்தான் தெருவுல பந்தயம் விட்டு ஆஸ்பத்திரியில படுக்கிறான். அங்க உன் பேண்டேஜ் துணிதான் கிடைக்கும்.

இவ்வளவுக்கு மேலயும் வாங்குறதுன்னா வாங்கு, மாமன் குறுக்க நிக்க மாட்டேன். ஒரு யோசனை மட்டும். நீ வச்சிருக்கிற பொலேரோ அந்தப் போர்ஷே பக்கத்துல நின்னா உனக்கு மரியாதை இல்லை. வித்தாலும் பெரிசாக் காசு வராது. வீணா அலையாதே, நம்ம தோப்புல கொண்டாந்து விட்டுரு. எரு ஏத்தலாம், தேங்காய் ஏத்தலாம். போர்ஷே மூக்கு உரசி, லாரியில ஏறிப் பெரிய ஊருக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கும்போது உனக்கும் ஒரு வண்டி வேணும்ல. கூச்சப்படாம வந்து கேளு, தர்றேன். டீசல் மட்டும் நீ போட்டுக்கோ.