புத்திசாலிக் கட்டடம்

ஆம்ஸ்டர்டாமில் ‘தி எட்ஜ்’ என்றோர் அலுவலகம். ஏறக்குறைய 28,000 உணரிகள். 2015-இல் உலகமே வியந்து எழுதியது. உங்களுக்குப் பிடித்த வெளிச்சமும் குளிரும் கைபேசிச் செயலிக்கு மனப்பாடம். காபி இயந்திரத்துக்குக்கூட உங்கள் ருசி தெரியும். கல்யாணம் கட்டிக்கொண்டவருக்கே அது பிடிபட வருஷக்கணக்காகும்! ஒரேயொரு சின்னக் குறை. அங்கே வேலை பார்த்த சுமார் 2,500 பேருக்கு இருந்தவை 1,000 மேசைகள்தான். இன்றைக்கு எந்த மூலை என்பதைக் காலையில் செயலி சொல்லும். பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது. கழிவறையில் கைதுடைக்கும் துணி தரும் பெட்டியையும் இணையத்தில் இணைத்திருந்தார்கள், கூட்டம் பார்த்துத் துப்புரவுக்கு ஆள் அனுப்ப. அந்தப் பெட்டிக்கு மட்டும் தினமும் ஒரே இடம்.